இருபதாவது பெயர்

குடித்த மறுநாளை யாரும் சமாளித்துவிடலாம். மோர், எலுமிச்சம்பழம், ஒரு தலைவலி மாத்திரை, மத்தியானத் தூக்கம் என்று அதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பாக்கியராஜுக்கு ஆகாதது அதற்கடுத்த நாள். தலை தெளிந்து, வயிறு அடங்கி, பார்க்கிறவர்களுக்கு மனிதர் பழையபடி ஆகிவிட்டார் என்று தோன்றும் நேரத்தில்தான் அவருக்கு அது வரும். எதையோ செய்துவிட்டோம், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, இப்போது யாராவது வந்து கதவைத் தட்டிச் சொல்லப்போகிறார்கள் என்று ஒரு பயம். என்ன செய்தோம், யாருக்கு என்ன ஆனது என்பது மட்டும் தெரியாது.

போத்தனூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஸ்டோர் கீப்பர் அவர். எந்த நட்டு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் பயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. முன்பு இரண்டு தடவை அதை நம்பிப் போய் அசிங்கப்பட்டிருக்கிறார். ஒரு தடவை கம்பெனி வாட்ச்மேன் சின்னானின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு உங்களை ஏதாச்சும் சொல்லிப்போட்டனுங்களா" என்று கண் கலங்கினார். "நீங்க அன்னைக்கு என்னைப் பாக்கவே இல்லீங்களே சார்" என்ற சின்னான், அந்தக் கதையை மூன்று ஷிப்டுக்கும் பரப்பிவிட்டான். இன்னொரு தடவை பஸ் ஏறித் தாராபுரம் போய், மச்சினன் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டு நின்றார். அந்த வீட்டு விருந்தில் அவர் செய்த ஒரே குற்றம், பிரியாணியை மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் தூங்கிப்போனது.

அதற்குப் பிறகு அவரும் மனைவி அருள்செல்வியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பயம் சரக்கு சொல்லும் பொய். மூன்றாம் நாள் தானாகப் போய்விடும். அதுவரைக்கும் எங்கேயும் போகக் கூடாது, யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. அடுத்த மாதமே குடியையும் விட்டுவிட்டார். பதினாலு மாதம் அந்த முடிவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கல்லறைத் திருநாள் வரைக்கும்.

கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் மாதம் இறந்தவர்களுடையது. கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டியை வைத்துவிடுவார்கள். அவரவர் வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். அந்தச் சீட்டுகளைப் பார்த்து, நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இருபது பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி, தினமும் காலைப் பூசைக்கு முன்னால் மைக்கில் படிக்க வேண்டும். ஐந்து பெயருக்கு ஒரு தடவை ஜனங்கள், "இவர்களுக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்பார்கள். எழுதுவதும் படிப்பதும் ஒன்பது வருஷமாக பாக்கியராஜ். கையெழுத்து அச்சுப் போல இருக்கும், குரலும் கணீரென்று இருக்கும். அந்தப் பங்கில், அந்தக் கோயில் ஜனங்களிடத்தில், தனக்கு இருக்கிற மரியாதை இந்த ஒன்றுதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாள் அந்த வருஷம் சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்குத்தான் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் பூசைக்குக்கூடப் போகாமல் படுத்துக் கிடந்தார். திங்கட்கிழமை, அதாவது இரண்டாம் நாள், காலை ஐந்தே முக்காலுக்கு மைக்கின் முன்னால் நின்று நோட்டைத் திறந்தார்.

வெளியே தூறல். உள்ளே நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவர் குரல் கோபுரத்து ஸ்பீக்கர் வழியாக வெளியே போய், சுற்றியிருக்கிற சந்துகளில் எல்லாம் கேட்டுவிட்டு, ரயில்வே லைன் வரைக்கும் போகும். பதினெட்டுப் பெயர் ஒழுங்காகப் படித்தார். பத்தொன்பதாவது, ஜோஸ்லின். நண்பன் ஜெப்ரியின் மனைவி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனவள். அதையும் படித்தார். இருபதாவது பெயருக்குக் கண் போனதும் வாய் நின்றுவிட்டது.

ஜெப்ரி.

அவர் கையெழுத்துதான். நடுக்கம் இல்லை, கோணல் இல்லை. குடிக்காத நாளில்கூட அவர் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. முன் வரிசையில் ஒரு அம்மாள் ஜெபமாலையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பாக்கியராஜ் நோட்டை மூடினார். ஜனங்கள் வழக்கப்படி பதிலைச் சொன்னார்கள். இருபது பேருக்கு என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பது பேருக்கு வேண்டிக்கொண்டார்கள்.

ஜெப்ரி இறந்தவன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நிச்சயமாக இல்லை.

அன்றைக்கு நடந்ததில் அவருக்கு நினைவு இருந்தது பாதிதான். கல்லறைகளுக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்தபோது ஐந்து மணி. ஜோஸ்லினின் கல்லறையில் மெழுகுவர்த்தி மழைக்கு அணைய அணைய ஜெப்ரி ஏற்றிக்கொண்டே இருந்தான். நாற்பத்து நாலு வயது, பிள்ளை குட்டி கிடையாது. மெயின் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர்க் கடை. "பாக்கியண்ணா, ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றான். சீட்டுகளும் நோட்டும் பையில் இருந்தன. அவன் வீட்டு மேசையில் பாட்டிலும் இருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டுமுங்க. தனியாக் குடிக்க முடியலீங்க" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெப்ரி சீட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பெயர் சொல்ல, அவர் நோட்டில் எழுத ஆரம்பித்தது வரைக்கும் நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு நினைவு வருவது தன் வீட்டுக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டது. நடுவில் இருந்த இரண்டரை மணி நேரம் காணாமல் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் வாரத்துக்கான ஆறு பக்கமும் எழுதி முடிந்திருக்கிறது.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். அருள்செல்வி சனிக்கிழமை ராத்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் தலையணையை எடுத்து ஹாலில் போட்டதோடு சரி. அதிலிருந்து தேவைக்கு மேல் பேசுவதும் இல்லை. இப்போது ஃப்ரிட்ஜ் மேலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"இது யார்துங்க? நேத்துத் துவைக்கறப்ப உங்க சட்டைப் பையில இருந்துச்சு."

ஒரு சாவி. பழைய பித்தளைச் சாவி, நூல் கட்டியது. அவர்கள் வீட்டுப் பூட்டு எதற்கும் அது பொருந்தாது. கையில் வாங்கியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது மணிக்கட்டில் வரிசையாக நாலு சிவப்புக் கீறல். யாரோ இறுக்கிப் பிடித்த நகத் தடம்.

"அருளு, எனக்கு என்னமோ நடந்துபோச்சுன்னு படுது."

"இன்னைக்கு ரெண்டாம் நாளுங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "உங்களுக்கு எப்பவும் படறதுதானுங்க. யார்கிட்டயும் போய் நிக்காம வேலைக்குப் போயிட்டு வாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான்.

கம்பெனியில் டீ இடைவேளையில் அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு நோட்டைப் பிரித்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கம், இருபதாவது பெயர், ஜெப்ரி. புதன் பக்கத்தைத் திருப்பினார். ஜெப்ரி. வியாழன், வெள்ளி, சனி. ஆறு பக்கத்திலும் கடைசி வரியில் அந்த ஒரே பெயர், அதே அழகான எழுத்தில் இருந்தது. அந்தக் கம்பெனியில் எப்போதும் மோட்டார் ஓடும் சத்தம் இருக்கும். அந்த நிமிஷம் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து அடித்துவிடலாம் என்று நினைத்தார். பேனா முனை காகிதத்துக்கு மேல் வந்து நின்றது, இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் பெயரை அங்கே எழுதியது ஒரு பாவம் என்றால், அதன் மேல் கோடு போடுவது அதைவிடப் பெரிய பாவமாகத் தோன்றியது. கோடு போட்ட அந்த நொடியில் எங்கோ ஏதாவது நடந்துவிட்டால்? ஐம்பத்திரண்டு வயது மனிதர் இப்படி யோசிப்பதை எண்ணி அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெப்ரிக்குப் போன் போட்டார். கடைசி வரைக்கும் அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், அதேதான். மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அப்படியானால் யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்து அணைத்திருக்கிறார். அல்லது சார்ஜ் தீர்ந்து செத்திருக்கிறது. எது என்று தெரியவில்லை. சண்டை போட்டோமா? பிடித்துத் தள்ளிவிட்டோமா? அவன் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ரயில்வே லைன். அங்கே போனோமா? மணிக்கட்டுக் கீறலைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டார். யாரைக் கேட்பது? கேட்டால் குடித்தது ஊருக்குத் தெரியும், ஃபாதருக்குத் தெரியும், மைக் போகும். ஒன்றும் இல்லாததற்குக் கேட்டதாக ஆனால் மறுபடியும் சிரிப்பார்கள்.

சாயங்காலம் வேலை விட்டதும் கால் தானாக மெயின் ரோட்டுக்குப் போயிற்று. ஜெப்ரி கடை ஷட்டர் சாத்தியிருந்தது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ரசாக் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை மத்தியானமே சாத்திட்டாருங்க" என்றார் ரசாக். "ரிப்பேருக்கு வந்த மிக்ஸி, கிரைண்டர் எல்லாத்தையும் ஊடு ஊடாக் கொண்டு போய்க் குடுத்துப்போட்டு வந்தாரு. ஒன்னு பாக்கியில்லீங்க. அப்புறம் கடைச் சாவிய எங்கிட்டக் குடுத்து, பாய், பூனை உள்ள மாட்டிக்கிச்சுன்னா தொறந்து வுடுங்கன்னாரு. ஊருக்குப் போறீங்களான்னு கேட்டனுங்க. சிரிச்சாரு. அதோட இந்தப் பக்கம் ஆளையே காணமுங்க."

அந்தப் பேச்சில் ஜெப்ரியைப் பற்றி எவ்வளவோ இருந்தது. வேறு நாளாக இருந்தால் பாக்கியராஜுக்கு அது உறைத்திருக்கும். அன்றைக்கு அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை, கடைசியாகக் கூட இருந்தது நான்.

ஜெப்ரி வீடு இரண்டு சந்து தள்ளி, கடைசியில், லைன் பக்கத்துச் சுவரை ஒட்டி இருக்கிறது. சந்து முனை வரைக்கும் நடந்தார். எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டிருந்தார்கள், அந்த ஒரு வீட்டில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் மட்டும் கையளவு திறந்திருந்தது, உள்ளே திரை. காற்று இல்லை. ஆனாலும் திரை லேசாக ஒதுங்கி மறுபடி நேராயிற்று. அதற்குப் பின்னால் நின்று யாரோ தன்னைப் பார்ப்பது போல அவருக்குப் பட்டது. நாளைக்கு மூன்றாம் நாள், நாளைக்குப் போய்விடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தார். ஓடவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. முகம் கழுவும்போது பயம் போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். போகவில்லை. எப்போதும் மூன்றாம் நாள் காலையில் அது சோர்ந்து கிடக்கும். இன்றைக்கு அது அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாவியை ஏன் எடுத்துப் பையில் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

கோயிலில் மைக்கின் முன்னால் நின்று நோட்டைத் திறந்து, கடைசி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது பெயர் முடிந்ததும் ஜனங்கள், "இவர்களுக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்கிய இடத்தில் இன்னொரு குரல் வந்தது. வெளியிலிருந்து இல்லை. சனிக்கிழமையிலிருந்து வந்தது.

"பாக்கியண்ணா, தானா உசுர மாய்ச்சுக்கிட்டவனுக்குக் கோயில்ல மணி அடிக்க மாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லுமுங்க. பேரும் படிக்க மாட்டாங்களாமா. முன்னாடியே படிச்சுப்போட்டாச் செல்லுமுங்களா?"

கேட்டபடி ஜெப்ரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். கையில் கிளாஸோடு அவர் சிரித்தார். சிரித்ததும் இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. "செல்லாம என்ன? எழுதறவன் நானு, படிக்கறவன் நானு" என்றார். "ஒரு நாள் வுட்டுப்போச்சுன்னா?" என்றான். "ஆறு நாளும் எழுதறேன் போ" என்று பக்கம் பக்கமாகத் திருப்பி, கையெழுத்தின் அழகை அவனுக்கே காட்டிக் காட்டி எழுதினார். பிறகு அவன் ஒரு சாவியைக் கொடுத்தான். "படிச்சு முடிச்சப்புறம் வந்து நீங்கதானுங்க தொறக்கோணும். வேற யாரும் வேண்டாமுங்க" என்றான். அவர் அதைப் பையில் போட்டு, மேலே தட்டியும் கொடுத்தார்.

எதையோ செய்துவிட்டோம், யாருக்கோ என்னவோ ஆகப்போகிறது என்று இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்து சொன்னது பொய்யில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பயம் உண்மையைச் சொல்லியிருந்தது. அவர்தான் காதைப் பொத்திக்கொண்டு மூன்றாம் நாளுக்குக் காத்துக் கிடந்தார்.

பாக்கியராஜ் மேடையை விட்டு இறங்கினார். ஜனங்களுக்கு நடுவே வேகமாக நடந்து, வாசல் தாண்டி, செருப்பைத் தேடாமல் வெறுங்காலில் தூறலில் ஓடினார். நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது முதல் சந்து திரும்பும்போதுதான் உறைத்தது. அதே நேரம் ஸ்பீக்கரில் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறாவது பெயரைப் படித்தது.

ஜோவிதா டீச்சர். போன மாதம்தான் பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவள், பாட்டுக் குழுவில் இருக்கிறாள். பெரியவருக்கு உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று பாவம் எழுந்து போய்ப் படிக்கிறாள். இந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஏழு. எட்டு. ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, மரியாதையாகப் படித்தாள். பாக்கியராஜுக்கு அந்த வரிசை மனப்பாடம். எழுதியவர் அவர்தானே. குரல் அவர் முதுகுக்குப் பின்னால் கோபுரத்திலிருந்தும், எதிரே சுவரில் பட்டு முன்னாலிருந்தும் வந்தது. எங்கே ஓடினாலும் பெயர்கள் அவருக்கு முன்னால் போய் நின்றன. பன்னிரண்டு. பதின்மூன்று. இரண்டாவது சந்தில் கால் வழுக்கி விழுந்து, முழங்கை சிராய்த்து, கையை ஊன்றி எழுந்தார்.

கதவைத் தட்டவில்லை. சாவியைப் போட்டார், திரும்பியது.

கூடம் துப்புரவாக இருந்தது. அவ்வளவு துப்புரவாக அந்த வீட்டை ஜோஸ்லின் போன பிறகு அவர் பார்த்ததில்லை. மேசையில் காகிதங்களை அடுக்கி, பறக்காமல் இருக்க ஒரு மிக்ஸி ஜார் மூடியை மேலே வைத்திருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் ஜெப்ரி உட்கார்ந்திருந்தான். குளித்து, ஷேவ் பண்ணி, தலை வாரி, திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகம் ஸ்பீக்கர் வரும் பக்கம் இருந்தது. திரும்பாமலே பேசினான்.

"பாதியில நிறுத்திப்போட்டீங்களேண்ணா."

பாக்கியராஜுக்கு மூச்சு வாங்கியது.

"நேத்தும் வுட்டுப்போட்டீங்க. பொழுதோட சந்து முனை வரைக்கும் வந்தீங்க. பாத்தனுங்க."

"ஏன் கூப்புடல?"

"நீங்க பயந்தாப்புல இருந்தீங்க" என்றான் ஜெப்ரி. ஒரு குறையும் சொல்லாத குரலில் சொன்னான். அதுதான் அவரை அறுத்தது.

அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சில்லென்று இருந்தது, ஆனால் நாடி அடித்துக்கொண்டிருந்தது. அது அடிப்பது அவருக்குக் கையில் தெரிந்தது. "குடிச்சுப்போட்டு எழுதினது ஜெப்ரி. அது செல்லாது. நான் சிரிச்சுட்டே எழுதினேன். மன்னிச்சுக்கோ" என்றார். "ரெண்டு நாள் போனா எல்லாம் தெளியும். எனக்குத் தெரியாதா? மூணாம் நாள் தெளிஞ்சுரும்."

"உங்களுக்கு மூணு நாளுங்க" என்றான் அவன். "எனக்கு ரெண்டு வருசமா அந்த ரெண்டாம் நாளே போயிட்டிருக்குதுங்க."

வெளியே பதினேழாவது பெயர் போயிற்று. பதினெட்டு. கையை விடுவித்துக்கொள்ள ஜெப்ரி ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். அவர் விடவில்லை. பத்தொன்பது.

"ஜெப்ரி" என்றாள் டீச்சர். மற்றப் பெயர்களைப் போலவே, தணிந்த குரலில், மரியாதையோடு.

அவன் கண்ணை மூடினான். பதிலுக்காகக் காத்திருந்தான். ஐந்து பெயர் முடிந்ததும் ஜனங்கள் சொல்ல வேண்டிய பதில். பாக்கியராஜும் காத்திருந்தார், வேறு வழியில்லாமல். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. தூறல் ஓட்டில் விழுவது மட்டும் கேட்டது. கோயிலில் நாற்பது பேர் இருந்தும் ஒரு வாய் திறக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு மௌனத்தை அவர் அந்த ஸ்பீக்கரில் கேட்டதில்லை. பிறகு தூரத்தில் யாரோ என்னவோ கேட்பதும், பலர் ஒரே நேரத்தில் பேசுவதும், மைக் பொட்டென்று அணைவதும் கேட்டது.

ஜெப்ரி கண்ணைத் திறந்தான். அதுவரைக்கும் அமைதியாக இருந்த அந்த முகத்தில் குழப்பம் வந்தது.

"ஏனுங்கண்ணா யாரும் பதில் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவாங்க" என்றார் பாக்கியராஜ். "நீ உசுரோட இருக்கறவன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல."

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உதடு கோணி, தோள் குலுங்கி, வெள்ளைச் சட்டை நனைய நனைய அழ ஆரம்பித்தான். அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் ரசாக் வந்தார். நல்ல மனிதர், கடை திறக்க வந்தவர் ஸ்பீக்கரில் பெயரைக் கேட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் முன் வரிசை அம்மாள், கையில் ஜெபமாலையோடு. பிறகு கோயிலே வந்தது. சந்து நிறையக் குடையும் முக்காடுமாக, சாவு வீட்டுக்கு வரும் முகத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் இதற்குள் ஃப்ரீஸர் பெட்டிக்குப் போன் பண்ணியும் இருந்தார். நம் ஜனங்களுக்கு அந்த விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு அதிகம். நாற்காலியில் உட்கார்ந்து அழுகிற ஜெப்ரியைப் பார்த்ததும் அவர் வெளியே ஓடிப்போய், "வேண்டாமுங்க, வேண்டாமுங்க, ஆள் இருக்காருங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது. ஜோவிதா டீச்சர் கதவருகில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றாள்.

அருள்செல்வியும் வந்தாள். கணவர் தரையில் உட்கார்ந்திருப்பதை, வெறுங்காலை, முழங்கை ரத்தத்தை, அவர் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நேராக உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்து, பால் இல்லாததால் வரக்காப்பி போட்டு எடுத்துவந்து ஜெப்ரியிடம் நீட்டினாள். "குடிங்க தம்பி. அப்புறம் எல்லாரும் சேந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமுங்க. இவரும் வாராரு. இவருக்கும் காட்டோணும்" என்றாள்.

ஃபாதர் பூசை உடுப்போடே வந்து பாக்கியராஜைப் பார்த்தார். "எல்லாம் நான் பண்ணுனதுதானுங்க ஃபாதர்" என்றார் பாக்கியராஜ். "சனிக்கிழமை குடிச்சுப்போட்டு எழுதினனுங்க." சந்து முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். மைக் இல்லாமலே அந்தக் குரல் நன்றாகத்தான் கேட்டது.

ஜெப்ரி காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான், மேசையைப் பார்த்தான், கடைசியாக அவரைப் பார்த்தான்.

"சாவியக் குடுத்துப்போடுங்கண்ணா" என்றான்.

"எந்திரி கண்ணு, போலாம்" என்றார் பாக்கியராஜ். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்."